ஆறாத வலிக்கு அதிர்வலை: முப்பது ஆண்டுகளாகத் தீராத வழக்கு

குதிகாலிலோ முழங்கையிலோ தோள்பட்டையிலோ மாதக்கணக்கில் விடாமல் இருக்கும் வலி, உடலுக்கு வெளியிலிருந்து செலுத்தும் அழுத்த அலைகளால் குறையுமா? 1990களின் தொடக்கத்தில் ஐரோப்பாவில், குறிப்பாக ஜெர்மனியில் வலுப்பெற்ற கேள்வி இது. அன்றிலிருந்து ஆய்வுகள் வந்துகொண்டே இருக்கின்றன. அவற்றின் பதில்கள் ஒத்துப்போவதில்லை. குதிகால் வலிக்கு அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. அனுமதி கொடுத்த சில ஆண்டுகளுக்குள்ளேயே, அதே வலிக்கு இந்தச் சிகிச்சையால் பயனில்லை என்று ஆஸ்திரேலியாவிலும் ஜெர்மனியிலும் இரண்டு பெரிய ஆய்வுகள் சொல்லிவிட்டன. இன்று நம் ஊர் பிசியோதெரபி மையங்களிலும் ‘ஷாக்வேவ்’ கிடைக்கிறது. கைக்காசைக் கொடுத்து இதற்குப் படுக்கும் நோயாளிக்கு, மருத்துவ உலகம் ஏன் இதில் ஒரு முடிவுக்கு வரவில்லை என்று தெரிந்துகொள்ளும் உரிமை உண்டு. ‘அதிர்வலை வேலை செய்கிறதா?’ என்று பொதுப்படையாகக் கேட்டதே குழப்பத்தில் பாதிக்குக் காரணம் என்பது என் கணிப்பு. எந்தக் கருவி, எந்த நோய், எதோடு ஒப்பிட்டு என்ற மூன்றையும் சேர்த்துக் கேட்டால்தான் பதில்கள் கொஞ்சமாவது பிடிபடுகின்றன.

கல் உடைக்க வந்த கருவி

1980 பிப்ரவரி 7 அன்று மியூனிக் நகரில் கிறிஸ்டியன் ஷௌசியின் குழு, சிறுநீரகக் கல் இருந்த ஒருவரைத் தண்ணீர்த் தொட்டியில் இறக்கி, கத்தி வைக்காமல் அதிர்வலையாலேயே கல்லை உடைத்தது. கருவியைச் செய்தது டோர்னியர் என்ற விமான நிறுவனம். ஒலியை மிஞ்சிய வேகத்தில் பறக்கும் விமானத்தின் மீது மழைத்துளி மோதும்போது பிறக்கும் அலைகள் உலோகத்தை எப்படிச் சேதப்படுத்துகின்றன என்று ஆராயப்போய்க் கிளைத்த தொழில்நுட்பம் அது.

எண்பதுகளில் நடந்த விலங்குச் சோதனைகளின்போது, அலை பட்ட எலும்பில் எலும்பை உருவாக்கும் செல்கள் சுறுசுறுப்படைவது தற்செயலாகக் கண்ணில் பட்டது. உடைந்து சேராமல் கிடக்கும் எலும்புக்கு இதைப் பயன்படுத்தலாமே என்ற யோசனை அங்கிருந்து பிறந்தது. பல்கேரிய மருத்துவர்களான வால்ச்சனோவும் மிகைலோவும் 1991இல் 82 நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். அவர்களில் 85 சதவீதம் பேருக்கு எலும்பு சேர்ந்ததாகச் சொன்னார்கள். ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழு அந்த ஆய்வில் இல்லை. இந்தத் துறையின் தொடக்ககால நம்பிக்கை பெரும்பாலும் இத்தகைய அறிக்கைகளின் மேல்தான் நின்றது.

எலும்பிலிருந்து தசைநாணுக்கு வந்தது அடுத்த கட்டம். தோள்பட்டைத் தசைநாணில் படியும் சுண்ணாம்பு, குதிகால் எலும்பில் வளரும் முள் இரண்டும் எக்ஸ்ரேயில் கல்லைப்போலத் தெரிபவை. கல்லை உடைத்த கருவி இவற்றையும் உடைக்கும் என்று நினைத்தது இயல்புதான். ஆனால் அலை குதிகால் முள்ளை உடைப்பதில்லை. வலியே இல்லாத பலருடைய குதிகாலிலும் அந்த முள் இருக்கிறது என்பதால், வலிக்கும் முள்ளுக்கும் உள்ள தொடர்பே கேள்விக்குரியது. தொடங்கிவைத்த காரணம் பிசகிய பிறகும் சிகிச்சை நின்றுவிடவில்லை. 2000 அக்டோபரில் ‘ஆஸாட்ரான்’ என்ற கருவிக்குக் குதிகால் வலிக்காக எஃப்.டி.ஏ. அனுமதி கிடைத்தது. 2003இல் முழங்கையின் வெளிப்பக்கத்தில் வரும் ‘டென்னிஸ் எல்போ’ வலிக்காகவும் அதே கருவிக்குக் கிடைத்தது.

ஒரே பெயரில் இரண்டு சாதனங்கள்

நம்மூரில் பிசியோதெரபி என்றாலே ‘கரண்ட் வைக்கிறது’ என்பார்கள். அதிர்வலையில் கரண்ட் உடம்புக்குள் போவதில்லை. போவது அழுத்தம் மட்டும். அந்த அழுத்தத்தை உண்டாக்கும் விதத்தில்தான் கருவிகள் இரண்டாகப் பிரிகின்றன. ஆய்வுகளைப் படிக்கும்போது பலர் கோட்டைவிடும் இடம் இது.

முதல் வகை, குவி அலை. மின்பொறி, மின்காந்தச் சுருள், அழுத்தமின் படிகம் ஆகிய மூன்றில் ஒன்றால் பிறக்கும் அலை, தோலுக்கு உள்ளே சில சென்டிமீட்டர் ஆழத்தில் ஒரு புள்ளியில் குவிகிறது. அழுத்தம் சில நானோ விநாடிகளில் பல பத்து மெகாபாஸ்கல்வரை ஏறும். உடனே எதிர்ப்பக்கம் சரியும். அந்தச் சரிவில் திசுத் திரவத்தில் நுண்குமிழிகள் உண்டாகி வெடிக்கின்றன.

இரண்டாம் வகை, விரி அலை. இதில் அழுத்தக் காற்று ஒரு சிறு உலோகக் குண்டைக் குழாய்க்குள் விரட்டுகிறது. குண்டு போய்க் கைப்பிடியின் முனையில் மோதுகிறது. அந்த அடி தோல் வழியாக உள்ளே பரவுகிறது. அழுத்தம் குவி அலையில் பத்தில் ஒரு பங்கோ அதற்கும் குறைவோதான். உச்சத்தைத் தொட எடுக்கும் நேரம் மைக்ரோ விநாடிக் கணக்கில் இருக்கும். விசை தோலில்தான் அதிகம், உள்ளே போகப்போகத் தேய்ந்துவிடும். இயற்பியல் கணக்குப்படி இதை அதிர்வலை என்றே சொல்ல முடியாது என்று ஒலியியல் ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். ஆனால் விலை குறைவு, கையாள எளிது என்பதால் சிறிய மையங்களுக்கு ஏற்றதாக இருப்பது இந்த வகை.

குதிகாலுக்கு விரி அலை கொடுக்கும் வழக்கமான முறை இது. நோயாளி குப்புறப் படுத்துக்கொள்ள, அழுத்திப் பார்த்து மிகவும் வலிக்கும் இடத்தைக் குறித்து, ஜெல் தடவி, முனையை அதில் வைத்துப் பிடிப்பார்கள். காற்றழுத்தம் 2 முதல் 4 பார். விநாடிக்கு எட்டு, பத்து என்று தடதடவென்ற சத்தத்துடன் 2,000 அடிகள் விழும். நான்கைந்து நிமிடத்தில் முடிந்துவிடும். வாரம் ஒன்று என மூன்று அமர்வுகள். அடிகள் வலிக்கும்; வலி எந்த இடத்தில் அதிகம் என்று நோயாளி சொல்லச் சொல்ல முனையை நகர்த்துவார்கள். இந்த விவரம் பின்னால் ஒரு பெரிய வாதத்துக்கு அடிப்படையாகிறது.

எப்படி வேலை செய்கிறது?

மூன்று விளக்கங்கள் நிலவுகின்றன. அலை நுண்ணிய காயங்களை உண்டாக்குகிறது, தேங்கிக் கிடந்த ஆறுதல் அதனால் மறுபடி தொடங்குகிறது என்பது பழைய விளக்கம். வலியைக் கடத்தும் மெல்லிய நரம்பிழைகளை அலை தற்காலிகமாகச் செயலிழக்கச் செய்கிறது என்பது இரண்டாவது. அலை பட்ட எலித்தோலில் நரம்பிழைகள் சிதைந்து பின்பு வளர்வதை ஜப்பானிய ஆய்வாளர்கள் 2001இல் காட்டினார்கள். முயல்களில் ‘சப்ஸ்டன்ஸ் பி’ என்ற வலிக்கடத்திப் பொருள் குறைவதை ஜெர்மானியர்கள் காட்டினார்கள். மூன்றாவது, புதிய இரத்த நாளங்கள். தைவானின் காவ்ஷியுங் நகரில் வாங் சிங்-ஜென் குழு, தசைநாண் எலும்போடு சேரும் இடத்தில் அலை பட்ட முயல்களுக்குப் புது நாளங்கள் முளைப்பதை 2003இல் பதிவு செய்தது. இன்று அதிகம் சொல்லப்படும் விளக்கம் இதுதான்.

இந்த மூன்றாவது விளக்கத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது. அதை நேருக்கு நேர் பேசும் ஆதரவாளர்கள் குறைவு. ஏறக்குறைய அதே ஆண்டுகளில் ஸ்வீடனில் ஹோகன் ஆல்ஃப்ரெட்சன் குழு, நாட்பட்ட வலி உள்ள குதிநாணில் (கெண்டைக்கால் தசையைக் குதிகாலோடு இணைக்கும் தசைநாண்) டாப்ளர் ஸ்கேன் வைத்துப் பார்த்தபோது, வலிக்கும் இடத்தில் புது இரத்த நாளங்கள் அளவுக்கு மீறி ஊடுருவியிருந்தன. வலியில்லாத குதிநாணில் அவை இல்லை. அந்த நாளங்களை ஊசி போட்டு மூடியபோது பலருக்கு வலி குறைந்தது. ஒரு தரப்பு நாளத்தை வளர்த்தால் வலி போகும் என்கிறது, மறு தரப்பு நாளத்தை அழித்தால் வலி போகும் என்கிறது. இரண்டும் வெவ்வேறு வகை நாளங்களாக இருக்கலாம், வெவ்வேறு கட்டங்களாகவும் இருக்கலாம். ஆயினும் முயலின் ஆரோக்கியமான தசைநாணில் கண்டதை, ஐம்பது வயது மனிதரின் சீர்குலைந்த தசைநாணுக்கு அப்படியே பொருத்துவது அவசரம்.

குதிகால்: எண்களை அருகில் வைத்துப் பார்த்தால்

அதிர்வலை பற்றி மிக அதிகமாக ஆராயப்பட்ட இடம் குதிகால். பாதத்தின் அடியில் விரியும் தடித்த திசுப்பட்டை குதிகால் எலும்போடு சேரும் இடத்தில் வரும் வலி அது. காலையில் எழுந்து வைக்கும் முதல் அடியில்தான் அதிகம் குத்தும்.

ரேச்சல் புக்பைண்டர் குழுவின் ஆஸ்திரேலிய ஆய்வு 2002இல் வந்தது. 166 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு அலையும் மறு பாதிக்குப் போலிச் சிகிச்சையும் கொடுத்தார்கள். இரு தரப்பும் ஒரே அளவில் தேறின. 2003இல் ஹாக்கே குழு ஜெர்மனியில் 272 பேரிடம் செய்த ஆய்விலும் அதேதான் நடந்தது. பன்னிரண்டு வாரத்தில் அலை பெற்றவர்களில் 34 சதவீதம் பேரும், போலி பெற்றவர்களில் 30 சதவீதம் பேரும் தேறியிருந்தார்கள்.

பின்னர் எதிர்த்திசையில் இரண்டு ஆய்வுகள் வந்தன. லுட்கர் கெர்டெஸ்மெயர் குழு 2008இல் விரி அலையை 245 பேரிடம் சோதித்தது. வலி அளவு அலைக் குழுவில் 72.1 சதவீதமும், போலிக் குழுவில் 44.7 சதவீதமும் குறைந்தது. ஹான்ஸ் கோல்விட்சர் குழு 2015இல் குவி அலையை 250 பேரிடம் சோதித்தபோது 69.2க்கு 34.5 என்று வந்தது. இரண்டிலும் சேர்க்கப்பட்டவர்கள் வேறு சிகிச்சைகள் பலிக்காமல், குறைந்தது ஆறு மாதமாக வலியோடு இருந்தவர்கள்.

இந்த எண்களை விளம்பரத்தில் பார்த்தால் ‘வலி 72 சதவீதம் குறையும்’ என்றுதான் இருக்கும். ஆனால் பார்க்க வேண்டியது வித்தியாசத்தை. 2008 ஆய்வில் ‘நன்றாகத் தேறியவர்கள்’ என்று கணக்கிட்டவர்கள் அலைக் குழுவில் 61 சதவீதம், போலிக் குழுவில் 42 சதவீதம். சிகிச்சைக்குப் போகும் நூறு பேரில் 42 பேர் அலையே படாமலும் தேறியிருப்பார்கள், 19 பேருக்கு அலை கூடுதலாக உதவியது, 39 பேருக்கு இரண்டுமே போதவில்லை. ஐந்து பேருக்குக் கொடுத்தால் ஒருவருக்குக் கூடுதல் பலன் என்பது வலி மருத்துவத்தில் அலட்சியப்படுத்தக்கூடியது இல்லை. அற்புதம் என்று சொல்லவும் முடியாது.

முரண்பாட்டுக்கு ஆதரவாளர்கள் தரும் விளக்கம் மரத்துப்போகும் ஊசி. ஹாக்கேயின் ஆய்வில் அலை கொடுக்குமுன் குதிகாலில் அந்த ஊசி போட்டார்கள். வலியைச் சொல்லி இடம் காட்ட நோயாளியால் முடியாமல் போயிற்று. அலையின் பலனே நரம்பிழைகள் வழியாக வருவது என்றால் அந்த வழியையும் ஊசி அடைத்துவிட்டது. யான்-டிர்க் ரோம்பே குழு 2005இல் 86 பேரிடம் ஊசி போட்டும் போடாமலும் ஒப்பிட்டபோது, ஊசி போடாதவர்களே அதிகம் தேறினார்கள். புக்பைண்டரின் ஆய்வில் வெறும் ஆறு வார வலி இருந்தவர்களையும் சேர்த்தார்கள், போலிக் குழுவுக்கும் ஓரளவு அலை போயிற்று என்பது இன்னொரு விமர்சனம். இரண்டும் பொருட்படுத்த வேண்டிய வாதங்கள். ஆனால் ஊசி வாதம் எல்லாப் பக்கமும் வெட்டுகிறது. எஃப்.டி.ஏ. அனுமதிக்கு ஆதாரமான ஆஸாட்ரான் ஆய்வில் நோயாளிகளுக்குக் கணுக்காலை மரக்கவைத்துத்தான் உயர் ஆற்றல் அலை கொடுத்தார்கள். அங்கே பலன் தெரிந்தது. தோற்ற ஆய்வுக்கு மட்டும் ஊசியைக் காரணம் காட்டிவிட்டு, வென்ற ஆய்வில் அதைப் பேசாமல் விடுவது நியாயமாகாது.

மறுபக்கம், ஊசி இல்லாமல் நடந்த ஆய்வுகளுக்கும் ஒரு பலவீனம் உண்டு. அடி வலிக்கிறது, போலிக் கருவி சத்தம் மட்டும் போடுகிறது. தனக்கு எது கிடைத்தது என்று நோயாளியால் ஊகிக்க முடியும். வலியின் அளவை அந்த நோயாளியே மதிப்பெண்ணாகச் சொல்லும் ஆய்வில் இந்த ஊகம் முடிவைச் சாய்த்துவிடும். 2008, 2015 ஆய்வுகள் கருவி தயாரிப்பாளர்களின் ஆதரவில், அமெரிக்க அனுமதியை மனத்தில் வைத்து நடந்தவை என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். அதனால் அவை பொய்யாகிவிடா. கருவியோடு தொடர்பில்லாதவர்கள் அதே முடிவைக் காட்டியிருந்தால் நம்பிக்கை கூடியிருக்கும்.

கொள்கை வகுப்பவர்கள் நடுவழியில் நிற்கிறார்கள். பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2009இல் பாதுகாப்பு பற்றிப் பெரிய கவலை இல்லை, பலன் பற்றிய சான்றுகள் சீரற்றவை என்று எழுதியது. ஜெர்மனியில் நெடுங்காலம் நோயாளியே பணம் கட்டிப் பெறும் சிகிச்சையாக இருந்தது, 2018இல் குதிகால் வலிக்கு மட்டும் பொதுக் காப்பீட்டுக்குள் வந்தது. மற்ற நோய்களை அந்த முடிவு தொடவில்லை. மொத்தமாக ஏற்பதையும் மொத்தமாகத் தள்ளுவதையும் தவிர்த்த அந்த அணுகுமுறையே சரியானதென்று படுகிறது.

தோளில் படிந்த சுண்ணாம்பு

அலையின் அளவைக் கூட்டினால் பலன் கூடுகிறதா என்பதற்குத் தெளிவான சான்று தோள்பட்டையில்தான் கிடைத்தது. கெர்டெஸ்மெயர் குழு 2003இல் ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும், தோள் தசைநாணில் சுண்ணாம்பு படிந்த 144 பேரை மூன்றாகப் பிரித்தது. உயர் ஆற்றல் அலை பெற்றவர்களின் தோள் இயக்க மதிப்பெண் ஆறு மாதத்தில் சராசரியாக 31 புள்ளிகள் ஏறியது. குறைந்த ஆற்றலுக்கு 15, போலிக்கு 6.6. அளவு கூடக்கூடப் பலன் கூடும்போது, வெறும் நம்பிக்கையால் வந்தது என்று சொல்வது கடினம். சுண்ணாம்பும் உயர் ஆற்றல் குழுவில் அதிகம் கரைந்தது.

இதற்கு எதிரே, ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பின் 2020ஆம் ஆண்டு மதிப்பீடு நிற்கிறது. தோள் தசைநாண் நோய்க்கான 32 ஆய்வுகளையும் 2,281 நோயாளிகளையும் சேர்த்துப் பார்த்த அது, பத்துக்கு 0.78 புள்ளிதான் வலி கூடுதலாகக் குறைகிறது என்றது. நோயாளி உணரும்படியான மாற்றத்துக்கு 1.5 புள்ளியாவது வேண்டும் என்பது அவர்கள் வைத்த அளவுகோல். வெவ்வேறு கருவிகளையும் ஆற்றல்களையும் ஒன்றாகக் கலந்ததால் நல்ல பலன் கரைந்துபோயிற்று என்று ஆதரவாளர்கள் குறைகூறுகிறார்கள். கலவை பற்றிய குறை ஓரளவு உண்மை. ஆனால் சுண்ணாம்பு உள்ளவர்கள், இல்லாதவர்கள் என்று பிரித்துப் பார்த்தும் வித்தியாசம் தெரியவில்லை என்று அதே மதிப்பீடு சொல்கிறது. சுண்ணாம்பு பல நேரங்களில் தானாகவே கரையும் என்பதையும் மறக்கக் கூடாது. சுண்ணாம்பு இல்லாத சாதாரணத் தோள்வலிக்கு அலை கொடுக்க நல்ல சான்று இல்லை என்பதில் மட்டும் கருத்து வேற்றுமை குறைவு.

முழங்கை

டென்னிஸ் எல்போவைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஹாக்கேயின் 2002 ஆய்வில் அலைக் குழுவில் 25.8 சதவீதமும், போலிக் குழுவில் 25.4 சதவீதமும் தேறினார்கள். ஒன்பது ஆய்வுகளைத் தொகுத்த 2005 காக்ரேன் மதிப்பீடு, பலன் இல்லை அல்லது மிகச் சொற்பம் என்று முடித்தது. சாதகமான சிறிய ஆய்வுகள் உண்டு. அவை இந்த எடையைத் தூக்கப் போதவில்லை. இந்த வலி பெரும்பாலானவர்களுக்கு ஓராண்டுக்குள் தானே அடங்கும். அதனால் எந்தச் சிகிச்சையும் வெற்றிபோலத் தோன்றக்கூடிய இடம் இது.

எதோடு ஒப்பிடுவது?

போலிக் கருவியை அலை வெல்கிறதா என்பது ஆய்வாளரின் கேள்வி. நோயாளியின் முன் இருக்கும் கேள்வி வேறு. செலவில்லாத பயிற்சியைவிட இது மேலா? பயிற்சியோடு இதையும் சேர்த்தால் கூடுதலாக ஏதாவது கிடைக்குமா?

ஆல்ஃப்ரெட்சன் 1998இல் குதிநாண் வலிக்குப் பரிந்துரைத்த பயிற்சி, படி விளிம்பில் முன்பாதத்தை ஊன்றிக் குதிகாலை மெல்ல இறக்குவது. நாளுக்கு 180 முறை, பன்னிரண்டு வாரம். ரோம்பே குழு 2007இல் 75 பேரிடம் இதை அலையோடு ஒப்பிட்டது. நான்கு மாதத்தில் பயிற்சிக் குழுவில் 60 சதவீதம், அலைக் குழுவில் 52 சதவீதம், சும்மா காத்திருந்தவர்களில் 24 சதவீதம் பேர் தேறினார்கள். 2009இல் இரண்டையும் சேர்த்தபோது 82, பயிற்சி மட்டும் செய்தபோது 56. இந்தக் கூட்டு முறைதான் இன்று பல வழிகாட்டிகளில் இருக்கிறது. இந்த ஆய்வுகளில் போலிக் குழு இல்லை என்பதை வழிகாட்டியைப் படிப்பவர்கள் கவனிப்பதில்லை. குதிநாண் எலும்போடு சேரும் இடத்து வலிக்கு, பயிற்சியோடு உண்மை அலை ஒரு குழுவுக்கும் போலி அலை மறு குழுவுக்கும் கொடுத்த பிரேசில் ஆய்வு 2021இல் வந்தபோது, அலையால் கூடுதல் பலன் தெரியவில்லை.

நார்வேயில் ஆஸ்லோ குழுவினர் இதே கேள்வியைப் பொறுமையாகத் துரத்தியிருக்கிறார்கள். 2009இல் 104 பேரிடம் தோள்வலிக்கு விரி அலையையும், மேற்பார்வையில் செய்யும் பயிற்சியையும் ஒப்பிட்டபோது பயிற்சி மேலாக இருந்தது. 2017இல் 143 பேரிடம் பயிற்சியோடு அலையைச் சேர்த்தபோது, சேர்த்ததால் பயனில்லை. 2024இல் குதிகால் வலி உள்ள 200 பேருக்கு அறிவுரையும் பாதத்துக்கு ஏற்ற உள்ளணியும் கொடுத்துவிட்டு, சிலருக்கு விரி அலையும் சிலருக்குப் போலியும் சிலருக்குப் பயிற்சியும் சேர்த்தார்கள். ஆறு மாதத்தில் எதுவும் கூடுதல் பலன் தரவில்லை. பயிற்சியும் தரவில்லை என்பதை, பயிற்சியின் பக்கம் சாய்பவர்கள் நேர்மையோடு ஏற்க வேண்டும்.

இன்னும் தீராதவை

பாதுகாப்பில் பெரிய சர்ச்சை இல்லை. தோல் சிவத்தல், கன்றுதல், சில நாள் வலி வருவது வழக்கம். கர்ப்பம், இரத்தம் உறையாத கோளாறு, அந்த இடத்தில் புற்றுநோய், வளரும் பிள்ளைகளின் எலும்பு முனை ஆகியவற்றில் தவிர்க்கிறார்கள். ஸ்டீராய்டு ஊசி முதலில் ஆற்றிப் பின்னால் மோசமாக்கக்கூடும் என்பதை 2013இல் டென்னிஸ் எல்போ ஆய்வொன்று காட்டியது. அதோடு பார்த்தால் அலை தீங்கு குறைந்தது.

பலனில்தான் கணக்கு முடியவில்லை. ஆறு மாதம் மற்றவை எல்லாம் செய்தும் விடாத குதிகால் வலிக்கும், எக்ஸ்ரேயில் சுண்ணாம்பு தெரியும் தோள்வலிக்கும், ஆதரவான சான்றும் எதிரான சான்றும் இரண்டும் இருக்கின்றன. அங்கே முயன்று பார்ப்பதற்கு நியாயம் உண்டு. வலி வந்த சில வாரத்திலேயே மூன்று அமர்வுக்கு முன்பணம் வாங்குவதற்கு இந்தச் சான்றுகளில் எதுவும் துணை நிற்கவில்லை. கழுத்து, இடுப்பு, முழங்கால் தேய்மானம் என்று பட்டியல் நீளும்போது, ஆய்வுகள் சிறியவையாகவும் தரம் குறைந்தவையாகவும் ஆகிவிடுகின்றன.

விரி அலையும் குவி அலையும் ஒரே நோயாளிகளிடம் நேருக்கு நேர் மோதிய பெரிய ஆய்வுகள் மிகவும் குறைவு. தோளில் தெரிந்த அளவு–பலன் ஏற்றம் குதிகாலிலும் இருக்கிறதா என்பது தெளிவாகவில்லை. நரம்பிழை விளக்கம் சரியென்றால் பலன் சில மாதத்தில் மங்க வேண்டும், திசு ஆறுகிறது என்றால் நிலைக்க வேண்டும். ஓராண்டைத் தாண்டி, குலுக்கலில் பிரித்த குழுக்களைக் கலைக்காமல் பின்தொடர்ந்தால் இந்த இரண்டில் எது என்று சொல்லிவிடலாம். பல ஆய்வுகளில் மூன்றாம் மாதத்துக்குப் பிறகு போலிக் குழுவுக்கும் உண்மை அலையைக் கொடுத்துவிடுகிறார்கள். ஒப்பீடு அத்தோடு முடிந்துவிடுகிறது.